பொருள்கள் பேசும் காலம்

ஒரு பழைய மாணவன்

நாம் கல்லூரியிற் கல்வி பயின்ற நாள்களிலே எம்மை ஆண்டது ஒரு மணி. அதிபர் கந்தோரின் முன்னால் விறாந்தையிலே தொங்கிய அம்மணியைச் சிற்றூழியர் ஒருவர் நேரம் பார்த்து அடிப்பார். அவ்வோசை கேட்டுப் பாடம் தொடங்கும். அவ்வோசை கேட்டே முடியும். ஆயினும் மணிக்கு நேரம் தெரியாது. நேரம் தெரிந்தவர் அதனை அடிப்பவரே. அவர் சற்றே கண்ணயர்ந்தால் கணித பாடம் நீண்டுகொண்டே போகும். அவ்வேதனையை எம்மிற் சிலர் இன்றும் மறந்திலர். பொருளுக்குக் கண்ணில்லை, காதில்லை, வாயில்லை. அதற்குக் கண்ணாகவும் காதாகவும் வாயாகவும் மனிதனே நிற்றல் வேண்டும் என்பது நெடுங்காலம் நிலைத்து நின்ற நியதி.

அந்நியதி எம் கண்முன்னேயே மாறிவருகின்றது. வெப்பமானி தான் கண்ட வெப்பத்தைத் தானே தொலைவுக்கு அறிவிக்கின்றது. யந்திரம் தனக்கு நேரவிருக்கும் பழுதை முன்கூட்டியே முறையிடுகின்றது. கடலின் அடியிலே கிடக்கும் கருவி, தன் மேலே கடந்து செல்லும் அலையைக் கரையில் இருப்போர்க்குச் சொல்கின்றது. இம்மாற்றம் யாது, எவ்வாறு நிகழ்ந்தது, இதனால் விளையும் நன்மை தீமைகள் எவை என்பனவற்றைப் பழைய மாணவர்க்கும் இன்று வகுப்பறையில் இருப்போர்க்கும் இயன்றவரை எளிமையாக எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பெரிய காரியங்கள் பல சிறிய தேவைகளிலிருந்து பிறக்கின்றன. அமெரிக்காவிலே பிற்ஸ்பேர்க் நகரிலுள்ள கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் கணினித் துறையில் கொக்காகோலாப் போத்தல் விற்கும் யந்திரம் ஒன்று இருந்தது. மாணவர் தம் அறையிலிருந்து நெடுந்தூரம் நடந்து செல்வர். சென்றால் யந்திரம் வெறுமையாய் இருக்கும், அல்லது அப்போதுதான் வைத்த போத்தல்கள் சூடாய் இருக்கும். 1980களின் தொடக்கத்திலே அம்மாணவர் யந்திரத்தை ஒரு கணினியோடு கம்பியினால் இணைத்தனர். எந்த அறையில் எத்தனை போத்தல் உண்டு, அவை எவ்வளவு நேரம் குளிரில் இருந்தன என்பதை இருந்த இடத்திலிருந்தே அறிந்தனர். இன்றைய இணையத்துக்கு முன்னோடியான ஆர்ப்பாநெற் என்னும் வலையமைப்பிலே தொடர்புற்றிருந்த எவரும் அதனை அறியக்கூடியதாயிற்று.

இங்கிலாந்திலே கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணினி ஆய்வுகூடத்தில் 1991 இல் நிகழ்ந்ததும் இத்தகையதே. அங்கு கோப்பிப் பாத்திரம் ஒன்றுதான். கோப்பி வேண்டுவோரோ பல மாடிகளில் இருந்தனர். படியேறி வந்து வெறும் பாத்திரத்தைக் கண்டு திரும்பிச் சலித்தவர்கள், பாத்திரத்தின் முன் ஒரு கமராவை நிறுத்தி, அதன் படம் தத்தம் கணினித் திரையிலே தோன்றுமாறு செய்தனர். 1993 இல் அப்படம் உலகளாவிய வலையிலும் ஏறிற்று. நாலா தேசத்தவரும் கண்ட அக்கோப்பிப் பாத்திரம் 2001 இல் ஓய்வு பெற்றது. பின்னர் அது 3,350 பவுணுக்கு ஏலத்தில் விலை போயிற்று.

இவ்வாறு விளையாட்டாய்த் தொடங்கியதற்குப் பெயர் சூட்டியவர் கெவின் அஷ்டன் என்னும் ஆங்கிலேயர். புறொக்ரர் அன்ட் காம்பிள் கொம்பனியிலே பணிபுரிந்தபோது, உதட்டுச் சாயத்தின் ஒரு வகை கடைத்தட்டிலே அடிக்கடி தீர்ந்துபோவதை அவர் கண்டார். பண்டசாலையிலோ அது நிறைய இருந்தது. தட்டு வெறுமையாயிற்று என்பதைப் பண்டசாலைக்குச் சொல்வாரில்லை. ஒவ்வொரு பண்டத்திலும் வானொலி அலையினால் தன்னை அறிவிக்கும் சிறு சில்லொன்றைப் பதித்துவிட்டால் பண்டமே தன் இருப்பைச் சொல்லுமன்றோ என்று அவர் கருதினார். அக்கருத்தை 1999 இல் தம் கொம்பனியாருக்கு விளக்கியபோது அவர் இட்ட தலைப்பே இன்று ‘பொருள்களின் இணையம்’ எனத் தமிழில் வழங்குகின்றது.

இனி, இத்தகைய கருவி எவ்வாறு இயங்குகின்றது என்பதை நோக்குவாம். இதன் உறுப்புகள் நான்கு. முதலாவது உணரி. வெப்பம் ஏறினால் தன் மின்தடையை மாற்றும் பொருள்களைப் பௌதிக ஆய்வுகூடத்திலே மாணவர் கண்டிருப்பர். அவ்வாறே ஒளி, அழுத்தம், ஈரம், அதிர்வு முதலியவற்றை மின் அளவாக மாற்றித் தருவன பலவுள. இரண்டாவது நுண்செயலி. அது மின் அளவை எண்ணாக மாற்றி, ‘இவ்வெண் எல்லையைக் கடந்ததா?’ என்று ஆராயும். மூன்றாவது தொடர்பு. கம்பி வழியாகவோ வானொலி அலை வழியாகவோ எண் தொலைவுக்குச் செல்லும். நான்காவது செயலுறுப்பு. மறுமொழியாக வரும் கட்டளைப்படி வாயிலைத் திறப்பதும், மோட்டாரை நிறுத்துவதும், விளக்கை ஏற்றுவதும் அதன் தொழில். உணரி புலனுக்கும், நுண்செயலி அறிவுக்கும், தொடர்பு நாவுக்கும், செயலுறுப்புக் கைக்கும் ஒப்பாகும் எனக் கொள்ளலாம்.

இவ்வுறுப்புகளில் ஒன்றேனும் முற்றிலும் புதியதன்று. புதியது அவற்றின் விலையும் பருமனுமே. முன்னர் ஒரு மேசையை நிறைத்த கருவி இன்று விரல் நகத்தின் மீது அடங்கும். மோட்டார் வண்டியிலே விபத்தின்போது காற்றுப்பையை விரிப்பதற்கெனச் சிலிக்கனிற் செதுக்கப்பட்ட நுண்ணிய அதிர்வுணரி, பின்னர் கைத்தொலைபேசியினுள்ளும் புகுந்தது. கோடிக்கணக்கிற் செய்யப்படும் பொருள் மலிவாதல் இயல்பே.

மற்றுமோர் இடையூறும் நீங்கவேண்டியிருந்தது. கடிதத்துக்கு விலாசம் போல, இணையத்திற் பேசும் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் வேண்டும். முதலில் வகுத்த முறையிலே ஏறத்தாழ 429 கோடி எண்களே இருந்தன. அவற்றுட் பங்கிடாது எஞ்சியிருந்த இறுதித் தொகுதிகளும் 2011 பெப்ருவரியில் வழங்கப்பட்டுவிட்டன. 1998 இல் வகுக்கப்பட்ட புதிய முறையோ 340 என்னும் எண்ணின் பின் 36 பூச்சியங்கள் இட்டாற்போன்ற தொகையைத் தருகின்றது. கடற்கரை மணலுக்கும் விலாசம் கொடுக்கலாம் என்றால் அது மிகைப்பட்ட கூற்றன்று.

கைத்தொழிலிலே இதன் பயன் முதலில் புலப்பட்டது. பாலைவனத்தை ஊடறுத்துச் செல்லும் எண்ணெய்க் குழாயை எண்ணிப் பாருங்கள். எங்கோ ஓரிடத்தில் அழுத்தம் குறைந்தால், அங்கு கசிவு உண்டு என்பது பொருள். அதைக் காண ஆள் அனுப்புவதென்றால் நாள்கள் செல்லும். செய்மதி வழியாகச் செய்தி அனுப்பலாம். அதுவோ அந்நாளிலே செலவு மிக்கது. இக்குறையைத் தீர்க்க 1999 இல் அன்டி ஸ்ரான்போட்-கிளார்க், ஆர்லன் நிப்பர் என்னும் இருவர் மிகச் சுருங்கிய செய்தி முறை ஒன்றை வகுத்தனர். தந்திக்குச் சொற்கணக்கிற் காசு கட்டிய காலத்திலே எம் பெரியோர் எவ்வாறு சொற்களைச் சுருக்கினரோ, அவ்வாறே அவர்களும் சுருக்கினர். எம்.கியூ.ரி.ரி. எனப்படும் அம்முறை இன்று வீட்டு விளக்கு முதல் ஆலை யந்திரம் வரை எங்கும் பயன்படுகின்றது.

விமான யந்திரத்தின் கதை இன்னும் சுவையானது. 1962 இல் பிரித்தானியாவின் பிரிஸ்ரல் சிட்லி நிறுவனம், வைப்பர் என்னும் தன் விமான யந்திரத்துக்குப் புதியதொரு விலைமுறையை வகுத்தது. யந்திரம் பறந்த மணிக்கணக்குக்குக் காசு செலுத்தினாற் போதும். பழுது பார்ப்பதும் உறுப்பு மாற்றுவதும் செய்தவர் பொறுப்பு. பின்னர் அந்நிறுவனத்தைத் தன்னுடன் சேர்த்துக்கொண்ட ரோல்ஸ் றோய்ஸ் இம்முறையை வளர்த்தது. இங்ஙனம் செய்யின், பழுது நேராமற் காப்பது விற்றவரின் இலாபமாகின்றது. ஆதலாற் பறக்கும்போதே யந்திரத்தின் வெப்பம், அழுத்தம், அதிர்வு ஆகியவற்றைத் தரையிலிருந்து கவனிக்கும் ஏற்பாடு வளர்ந்தது. நோய் வந்தபின் மருந்து கொடுப்பதை விட்டு, நாடி பார்த்து முன்னறியும் வைத்தியம் யந்திரத்துக்கும் வந்தது.

எம்மூரிலும் வண்டி யந்திரத்தின் ஓசையைக் காது கொடுத்துக் கேட்டு, ‘பெயறிங் தேய்ந்துவிட்டது’ என்று சொல்லவல்ல மேசன்மாரன்ன கைத்திறம் வாய்ந்த மெக்கானிக்குகள் இருந்தனர். அதிர்வுணரி செய்வதும் அதுவே. வேறுபாடு யாதெனின், அது இரவும் பகலும் உறங்காது கேட்கும். ஆயிரம் யந்திரங்களை ஒரே நேரத்திற் கேட்கும்.

அன்றாட வாழ்விலும் இம்மாற்றம் மெல்லப் புகுந்தது. இத்தாலியிலே எனெல் என்னும் மின்சார நிறுவனம் 2001 தொடக்கம் சில ஆண்டுகளுள் ஏறத்தாழ மூன்று கோடி வீடுகளிலே தாமே கணக்கைச் சொல்லும் மின்மானிகளைப் பொருத்தியது. மானி பார்ப்பதற்கு வீடு வீடாய் ஆள் செல்லவேண்டிய தேவை குறைந்தது. நீரிழிவு நோயாளரின் மேற்கையிலே ஒட்டப்படும் சிறு உணரி, தோலின் கீழுள்ள நீரிற் சர்க்கரையின் அளவைச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை அறிந்து கைத்தொலைபேசிக்குச் சொல்கின்றது. நள்ளிரவிலே சர்க்கரை தாழ்ந்தால் ஒலியெழுப்பி நோயாளரை எழுப்புகின்றது. யாழ்ப்பாணத்தில் தனித்திருக்கும் தாயின் நிலையை ரொறன்ரோவிலே பனியிடை நின்று மகன் பார்ப்பதும் இயலும். எம் பழைய மாணவரிற் பலர் கடல் கடந்து வாழும் இந்நாளிலே இஃது ஆறுதல் தரும் செய்தியே. ஆயினும் எண்ணைப் பார்ப்பது முகத்தைப் பார்ப்பதாகாது என்பதையும் மறத்தல் தகாது.

எம் குடாநாட்டுக்கு நேரே பொருந்தும் ஓர் உதாரணத்தையும் கூறுவாம். எமக்கு ஆறில்லை, கிணறே கதி. பெய்த மழை சுண்ணாம்புக் கல்லினுள் இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின்மேல் மிதந்து நிற்கின்றது. நன்னீரின் அடர்த்தி சற்றுக் குறைவாதலால், கடல் மட்டத்துக்கு மேலே ஓர் அடி நன்னீர் நின்றால், கீழே ஏறக்குறைய 40 அடி நன்னீர் நிற்கும் என்பது பௌதிக விதி. இதன் மறுபக்கம் அச்சந்தருவது. மேல்மட்டம் ஓர் அடி தாழ்ந்தால், அடியிலிருந்து உவர்நீர் காலப்போக்கில் 40 அடி மேலெழ இடமுண்டு. துலா மிதித்த காலத்தில் மனிதனின் களைப்பே கிணற்றுக்குக் காவலாய் இருந்தது. நீரிறைக்கும் யந்திரமோ களைப்பறியாது. உப்பு ஏறினால் நீரின் மின்கடத்துதிறன் ஏறும். அதை அளக்கும் உணரியும் நீர்மட்டம் காட்டும் உணரியும் ஒரு நுண்செயலியோடு கூடினால், எல்லை கடக்கும்போது யந்திரத்தை நிறுத்திக் கமக்காரருக்கும் சொல்லிவிடலாம். இத்தாலியின் இவ்ரேயா நகரிலே மாணவர்க்கென்று 2005 இல் ஆக்கப்பட்ட ஆர்டுயினோ போன்ற சிறு பலகைகளைக் கொண்டு இதனைக் கல்லூரி ஆய்வுகூடத்திலேயே செய்து பார்க்கலாம். உயர்தர வகுப்பு மாணவர் இதனை எடுத்து நடத்துவாராக.

இதுகாறும் கூறியவை வசதியைப் பற்றியவை. உயிரைப் பற்றியதொன்றை இனிக் கூறவேண்டும்.

2004 ஆம் ஆண்டு டிசெம்பர் 26 ஆம் நாள், காலை ஏழு மணிக்கு ஒரு நிமிடம் இருக்கையில், சுமாத்திராவின் அருகே கடலடியிலே நிலம் அதிர்ந்தது. ஹவாயிலுள்ள பசுபிக் ஆழிப்பேரலை எச்சரிக்கை நிலையத்தார் சில நிமிடங்களிலே அவ்வதிர்வை அறிந்தனர். ஆனால் அலை எழுந்ததா என்பதை அறிய இந்து சமுத்திரத்திலே அவர்களுக்குக் கருவியில்லை. அறிந்தாலும் சொல்வதற்கு ஒழுங்கான வழியுமில்லை. ஜேசன்-1 என்னும் செய்மதி, நிகழ்ச்சியாய் அவ்வழியே பறந்து, ஆழ்கடலிலே ஏறத்தாழ அரை மீற்றர் உயர்ந்து சென்ற அலையைப் பதிவு செய்தது. அப்பதிவு விஞ்ஞானிகளின் பார்வைக்கு வந்தபோது பல மணி நேரம் கடந்துவிட்டது. கண் கண்டது, நா பேசவில்லை.

அலை எம் தீவின் கிழக்குக் கரையை அடைய ஏறத்தாழ இரண்டு மணி நேரம் எடுத்தது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒரு மைல் நடப்பதற்கு அரைமணி நேரம் போதும். வடமராட்சி கிழக்கிலும் முல்லைத்தீவிலும் மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் நடந்தவற்றை நாம் அறிவோம். கிழக்கிலே அலை அடித்த பின்னரும் அச்செய்தி தென்மேற்குக் கரைக்கு உரிய நேரத்தில் எட்டவில்லை. அங்கு பெரேலிய என்னுமிடத்தில் ஒரு புகைவண்டியோடு ஆயிரத்துக்கு மேற்பட்டோர் அழிந்தனர். இலங்கையில் மாண்டோர் தொகை முப்பதினாயிரத்துக்கு மேல். அவர்களைக் கொன்றது அலை மாத்திரமன்று. சொல்லப்படாத செய்தியும் கொன்றது.

அத்துயரின் பின்னரே இந்து சமுத்திரத்துக்கும் ஓர் எச்சரிக்கை ஏற்பாடு எழுந்தது. ஆழ்கடலின் அடியிலே, ஆயிரக்கணக்கான மீற்றர் ஆழத்தில், அழுத்தமானி ஒன்று கிடக்கும். தன் மேலுள்ள நீர்த்தூண் ஒரு சென்ரிமீற்றர் உயர்ந்தாலும் அது உணரும். வானொலி அலை நீரினுள் நெடுந்தூரம் செல்லாதாதலால், அது ஒலியலையினால் மேலே மிதக்கும் மிதவைக்குச் சொல்லும்; மிதவை செய்மதிக்குச் சொல்லும்; செய்மதி கரையிலுள்ள நிலையத்துக்குச் சொல்லும். 2007 இல் இந்தியாவின் ஐதராபாத்தில் எச்சரிக்கை நிலையம் நிறுவப்பட்டது. 2011 தொடக்கம் அதுவும் அவுஸ்திரேலியா, இந்தோனேசியா ஆகியவற்றின் நிலையங்களும் இப்பிராந்திய நாடுகளுக்கு அறிவித்தல் அளித்துவருகின்றன. 2012 ஏப்பிரல் 11 ஆம் நாள் சுமாத்திராவுக்கு அப்பாற் பெருநிலநடுக்கம் மீண்டும் நேர்ந்தபோது, இலங்கையின் கரையோர மக்கள் எச்சரிக்கை பெற்று உள்நாடு நோக்கிச் சென்றனர். அன்று பேரலை வரவில்லை, செய்தி வந்தது. அதுவே பெரிது.

இனி இதன் தீமைகளையும் மறையாது கூறுவாம். பேசும் பொருள் பிறர் ஏவலுக்கும் இசையும். 2015 இல் சார்ளி மில்லர், கிறிஸ் வலசெக் என்னும் அமெரிக்க ஆய்வாளர் இருவர், நெடுஞ்சாலையிலே ஓடிக்கொண்டிருந்த ஜீப் வண்டியொன்றின் இயக்கத்தை மைல்களுக்கு அப்பாலிருந்து தடைசெய்து காட்டினர். ஓட்டியவர் உடன்பட்டே நடந்த சோதனை அது. அதன் விளைவாகப் பதினான்கு இலட்சம் வண்டிகள் திருத்தத்துக்கு அழைக்கப்பட்டன. 2016 இல் மிறாய் என்னும் தீநிரல் இணையத்தில் உலவி, காவற் கமராக்களையும் வீட்டு இணைப்புப் பெட்டிகளையும் தேடியது. ஆலையில் இட்ட கடவுச்சொல்லை வாங்கியவர் மாற்றாதிருந்தமையே அதற்கு வாயிலாயிற்று. அத்தகைய சொற்கள் ஏறத்தாழ அறுபது மட்டுமே அதன் பட்டியலிலிருந்தன, அவை போதுமானவையாயின. இவ்வாறு வசப்படுத்திய கருவிப் படையினால் அவ்வாண்டு ஒக்ரோபர் 21 ஆம் நாள் அமெரிக்காவிலே பெரிய இணையத் தளங்கள் பல முடங்கின. அந்நிரலை முதலில் ஆக்கியோர் இளைஞர் மூவர். மறு ஆண்டு குற்றத்தை ஒப்புக்கொண்டனர். அறிவிருந்தும் அறமில்லாவிடின் விளைவது இதுவே.

இதன் பின் நாடுகள் விழித்தன. எல்லாக் கருவிக்கும் ஒரே எளிய கடவுச்சொல் இட்டு விற்பதைப் பிரித்தானியா 2024 ஏப்பிரல் தொடக்கம் சட்டத்தினால் தடுத்துள்ளது. வாங்கும் நாமும் மூன்று கேள்விகளைக் கேட்டல் நன்று. இதன் கடவுச்சொல்லை மாற்றினோமா? இது திரட்டும் செய்தி எவரிடம் செல்கின்றது? விற்ற கொம்பனி கைவிட்டாலும் இது இயங்குமா? மூன்றாவது கேள்வி வீணானதன்று. வீட்டு விளக்கு முதலியவற்றை ஆளும் றிவோல்வ் என்னும் கருவிக்குரிய சேவையை 2016 இல் அதன் உரிமையாளர் நிறுத்தியபோது, காசு கொடுத்து வாங்கியோர் கையில் அது வெறும் பெட்டியாய் எஞ்சிற்று.

தொழிலை இழப்போரையும் நினைத்தல் வேண்டும். மானி பார்த்தவர், பண்டம் எண்ணியவர், யந்திரத்தின் அருகிற் காவலிருந்தவர் ஆகியோரின் வேலை குறைகின்றது. கருவியைப் பொருத்துவோர்க்கும் திருத்துவோர்க்கும், அது சொல்லும் எண்ணின் பொருளை உணர்வோர்க்கும் வேலை பெருகுகின்றது. முன்னவரே பின்னவராகப் பயில்வதற்கு வழி செய்வது அரசுக்கும் கல்வி நிலையங்களுக்கும் உரிய கடமை.

முடிவாக ஒன்று. ஆழிப்பேரலையின் செய்தி கடலடியிலிருந்து மிதவைக்கும், மிதவையிலிருந்து வானுக்கும், வானிலிருந்து நிலையத்துக்கும் சில நிமிடங்களில் வந்துவிடும். அங்கிருந்து கரையோரக் குடிசைக்குச் செல்லும் இறுதி மைலிலே ஒரு மனிதன் நிற்கின்றான். அவன் விழித்திருந்து, செய்தியை நம்பி, கோயில் மணியையோ பள்ளி மணியையோ ஒலிபெருக்கியையோ எடுத்து முழக்கல் வேண்டும். அவன் கண்ணயர்ந்தால் ஆழ்கடற் கருவியும் செய்மதியும் பயனற்றவை. பொருள்கள் பேசக் கற்றுவிட்டன. கேட்கும் கடமை எம்முடையது.

அன்று எம் கல்லூரி மணியை நேரந் தவறாது அடித்த அப்பெரியவரின் பெயர் எந்த விஞ்ஞான நூலிலும் இல்லை. ஆயினும் இக்கட்டுரையை எழுதும்போது எம் நினைவில் நின்றவர் அவரே. இன்று கல்லூரியிற் பயிலும் மாணவச் செல்வங்கள் புதிய கருவிகளை ஆக்குவோராகவும், அவை சொல்வதைக் கேட்டு மணியை அடிப்போராகவும் விளங்குவார்களாக. எம் கல்லூரித் தாய் நீடூழி வாழ்க!